பச்சைக் கட்டிடம்

நான் வேலைக்குப் போகும் பேருந்து தினமும் அந்தக் கட்டிடத்தைத் தாண்டித்தான் போகிறது. நீலக் கண்ணாடி உடம்போடு, காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்த கரும்பு மாதிரி வளைந்து நிற்கும். சென்னை என்று எதை அச்சடித்தாலும், நாட்காட்டியோ இனிப்புப் பெட்டியோ, ஓரத்தில் அந்த வளைவு வந்துவிடுகிறது. நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்த நிறுத்தம் வரும்போது கம்பியைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொள்வேன்.

அதைக் கட்டியபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா அங்கே சித்தாள். என்னை வடக்கனந்தலில் அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனவள், பொங்கலுக்கும் ஆடிக்கும் மட்டும் வருவாள். வந்தால் முதல் நாள் முழுக்கத் தூக்கம். இரண்டாம் நாள் நான் விடமாட்டேன்.

"யம்மா, நீ கட்டுற கட்டடம் எப்பிடிம்மா இருக்கும்?"

"பச்சையா இருக்கும்டி. அடியிலேர்ந்து உச்சி வரிக்கும் ஒரே பச்சை. தோ, நம்ம கல்ராயன்மலை மாதிரி."

எனக்கு அது போதாதா? பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன்.

அடுத்த ஆடியில், சுதந்திர தினத்துக்காக 'நமது தலைநகரம்' என்று ஓவியப் போட்டி வைத்தார்கள். மற்றவர்கள் கடற்கரையும் ரயிலும் வரைந்தார்கள். நான் பச்சைப் பென்சில் தீரும்வரை ஒரு நெட்டைக் கட்டிடம் வரைந்து, 'எங்கள் அம்மா கட்டியது' என்று கீழே எழுதினேன். டீச்சர் திட்டவில்லை. எந்தச் சாலை, எத்தனை மாடி என்று மட்டும் கேட்டார். அம்மா சொல்லியிருந்ததைச் சொன்னேன். அலமாரியிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து விரித்தார். அதே சாலை, அதே முப்பது மாடி. வண்ணப் படத்துக்கு மேலே 'தலைநகரின் புதிய முகம்' என்று போட்டிருந்தது. படம் முழுக்க நீலக் கண்ணாடி, பச்சை என்று பொட்டளவுகூட இல்லை.

"இன்னாடி, உங்கம்மா மலைய கட்டிக்கினு இருக்குதா?" என்றான் பின்பெஞ்சுக்காரன். வகுப்பே சிரித்தது. எனக்கு அவமானம் தாங்கவில்லை. பேப்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஆடிக்கு வந்திருந்த அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேப்பரை அவள் மேல் வீசினேன்.

"பொய்க்காரி! நீ அங்க வேலையே செய்யல!"

அத்தை கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அம்மா தடுத்துவிட்டு, எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்து, பேப்பரை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுவா அது? இம்மாம் அழகாவா இருக்குது?"

சிமெண்டு தின்ற விரலால் அந்த வளைவின்மேல் ஒவ்வொரு மாடியாக எண்ணிக்கொண்டே போனாள். பாதியில் விரல் நின்றது.

"இங்கதான் எங்கியோ நின்னுக்கினு இருந்தேன்."

நான் நம்பவில்லை. மறுநாள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவள் பஸ் ஏறியபோது கையாட்டக்கூட இல்லை. அம்மா அந்தப் படத்தை நாலாக மடித்து, துணிப்பையில் வைத்து எடுத்துப் போனாள்.

வேலை நடக்கும்வரை கட்டிடத்தைப் பச்சை வலையால் மூடி வைப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த வலையை அவிழ்க்கும் முன்பே சித்தாள்களை லாரியில் ஏற்றி அடுத்த வேலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்பதும் தெரியாது. தான் கட்டியதை அம்மா முதன்முதலாகப் பார்த்தது அந்தப் பேப்பரில்தான். அதைத்தான் நான் அவள் மேல் வீசினேன்.