மூன்று சைக்கிளுக்கு ஒரு ஜோடி பெடல்

எங்கள் வீட்டில் ஆள் இரண்டு, சைக்கிள் மூன்று. என் கணவரின் ரேஸ் சைக்கிள், கேரியர் வைத்த என் சைக்கிள், மழைநாளில் மிதிக்க ஹாலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய பழையது. ஞாயிறுதோறும் திருப்பதியிலிருந்து சந்திரகிரி தாண்டி சித்தூர் ரோட்டில் போவோம். ஆறு வருடமாக நான்தான் பின்னால். ஆறு வருடமாக அவர் சொல்வதும் ஒன்றுதான்: "நீ எங்க மெதிக்கிற? ஊர பாத்துக்கினு வர." காலில் உயிர் போகிறதே, அது மிதிப்பதில் சேராதா? கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே நான் சோம்பேறிதானோ?

அதனால், பவர் மீட்டர் வாங்கலாம் என்று அவர் சொன்னதும் அவரைவிட நான்தான் அதிகமாகத் துள்ளினேன். கால் எவ்வளவு பலம் கொடுக்கிறது என்று வாட் கணக்கில் காட்டும் கருவி அது. யார் முன்னால் போகிறார்கள் என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

அவருக்கு, பெடலைத் தாங்கும் கம்பியான கிராங்கில் பொருத்தியதுதான் வேண்டுமாம்.

"அத்த உங்க சைக்கிள்ல மாட்டிக்கினா, என் காலுக்கு யாரு கணக்கு சொல்றது?" என்றேன்.

சக்கரத்தில் வருவதைப் பார்த்தோம். அவர் சக்கரம் என் சைக்கிளில் நுழையாது. பெடலில் வருவதென்றால் ஸ்பேனரால் கழற்றி மூன்றிலும் மாற்றி மாற்றி மாட்டலாம். நாலு நாள் வாயாடித்தான் ஜெயித்தேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பார்சல் வந்தது. புதுப் பொருளைச் சும்மா விடுவேனா? பூஜையன்று மூன்று சைக்கிளோடு அந்தப் பெடல்களுக்கும் மஞ்சளும் சந்தனமும் குழைத்துத் தாராளமாக அப்பி, குங்குமம் வைத்தேன். மறுநாள் சார்ஜ் போட்டால் விளக்கே எரியவில்லை.

"அப்பவே சொன்னேன் கிராங்க் வாங்கலாம்னு. ரிட்டர்ன் போட்டுட்றேன்," என்று போனை எடுத்துவிட்டார்.

இது திரும்பிப் போனால் என் கால் கணக்கும் போச்சு. "அட, ஒரு நிமிஷம் இருங்க!" என்று பெடலைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். சார்ஜர் ஒட்டும் இடத்தில் என் சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்தேய் என்று தேய்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

"தேவுடா! பொட்டு வெச்சியா, செவுத்துக்கு பூசினியா?" என்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், தப்பித்தோமே என்று.

முதல் ஞாயிறு பெடல் அவர் சைக்கிளில். சந்திரகிரி தாண்டி வரும் நீண்ட ஏற்றத்தில் நூற்று எண்பது வாட். அடுத்த ஞாயிறு என் சைக்கிளில் மாட்டி, கணக்கைச் சைபருக்குக் கொண்டுவந்துவிட்டு, அதே ஏற்றத்தில் வழக்கம்போல் மிதித்தேன். வழக்கம்போல் பின்னாலும் வந்தேன். மேலே டீக்கடையில் காத்திருந்தவர், வாட் காட்டும் திரையை என் ஹேண்டில்பாரில் பார்த்தார். நூற்று எண்பத்தாறு.

அவர் என் சைக்கிளை ஒரு கையால் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. தடித்த டயரை அமுக்கிப் பார்த்தார். பின்பக்க பிரேக் கட்டை சக்கரத்தில் உரசுவதையும் அன்றுதான் கவனித்தார்.

"இத்தினி வருசமும் இவ்ளோ மெதிச்சிக்கினா வந்த?"

"ஆமாங்க," என்றேன். டீக்கடையில் அத்தனை பேர் பார்க்க அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.