ரதியின் கழுத்துச்சட்டை

என் கணவருக்கு வருஷம் முழுவதும் மீசை உண்டு, மாசி மாதம் தவிர. மாசி பிறந்ததும் அதை மழித்துவிட்டு, சேலை கட்டி, கை நிறைய வளையல் போட்டு, பெரிய கொண்டை வைத்து அதில் பூச்சுற்றி, எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் ரதியாக ஆடுவார். பலாங்கொடையிலிருந்து மேலே ஏறும் பஸ் கடைசியாக வந்து நிற்கும் தோட்டம் எங்களுடையது. அங்கே மன்மதன் வேஷம் யாருக்கு என்று ஒருவரும் அலட்டிக்கொள்வதில்லை. ரதி யார் என்றுதான் கேட்பார்கள். மன்மதன் எரிந்து சாம்பலான பிறகு, பொழுது விடியும் நேரத்தில் ரதி வைக்கிற ஒப்பாரிக்காகத்தான் அத்தனை ஜனமும் பனியில் உட்கார்ந்திருக்கும்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், இதே மனிதர்தான் நான் கம்பளி நூலில் பின்னிய ஒன்றைப் பார்த்து, "இது பொம்பளைங்க சாமான். நான் போட மாட்டேன்" என்றார்.

"சேல மட்டும் ஆம்பளைங்க சாமானா?" என்று கேட்டேன்.

"அது வேற. அது சாமி காரியம்."

அவருக்கு பெக்டரியில் கொழுந்து காயவைக்கிற டிரையர் பக்கத்தில் வேலை. உள்ளே அனல், கதவைத் திறந்தால் பனி. அந்த வருஷம் கூத்து நெருங்கும்போது தொண்டை கட்டிக்கொண்டது. டிஸ்பென்சரி டாக்டர் கழுத்தில் பனி படவே கூடாது என்று சிங்களத்தில் விளக்கமாகச் சொன்னார். இவரும் ஹரி ஹரி, சரி சரி என்று சிங்களத்திலேயே தலையாட்டிவிட்டு, திறந்த கழுத்தோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மப்ளர் இருக்கிறது. ஆனால் அதைத் தலையில்தான் கட்டுவார். கழுத்தில் சுற்றினால் தொங்குகிற நுனி மிஷினில் மாட்டிக்கொள்ளும் என்று ஒரு பயம். அந்தப் பயத்தில் மட்டும் நியாயம் இருந்தது.

குரல் வராவிட்டால் ரதி கைமாறிப்போகும். தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் ஒருவர் பல வருஷமாக அந்த வேஷத்துக்குக் காத்திருந்தார். அவர் வாரம் ஒரு தடவை எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து, தொண்டை எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போவார். அவர் போன பிறகு என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிட மாட்டார். அந்த வேஷம் போனால் இந்த மனிதர் உடைந்துபோவார் என்று எனக்குத் தெரியும். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு பெண் குரோஷே ஊசியால் பின்னிக் காட்டுவதைப் பார்த்தேன். மப்ளரின் இரண்டு நுனியையும் சேர்த்து வளையமாக்கினது மாதிரி ஒன்று. தலைவழியாகப் போட்டுக் கழுத்தில் இறக்கிக்கொள்ள வேண்டியதுதான், தொங்க நுனியே கிடையாது. அவள் அதற்கு 'கவுல்' என்று பேர் சொன்னாள். எங்கள் லயத்தில் அது கழுத்துச்சட்டை ஆகிவிட்டது.

எனக்குப் பிள்ளை மடுவத்தில் வேலை. தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை எங்களிடம் விட்டுப் போவார்கள். அதுகள் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் நான் பின்னுவேன். மஞ்சள், சிவப்பு, பச்சை என்று பட்டை பட்டையாக. பின்னலின் ஒரே கண்ணில் ஊசியைத் திரும்பத் திரும்ப விட்டு நூலை இழுத்து, எல்லாவற்றையும் சேர்த்து மூடினால் ஒரு மொட்டு புடைத்துக்கொண்டு வரும். ஒவ்வொரு பட்டையிலும் அப்படி ஒரு வரிசை மொட்டு வைத்தேன். நிறம் மாறுகிற இடத்தில் நூல் நுனிகளை ஊசியால் பின்னலுக்குள் மறைக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். அவ்வளவு பொறுமைக்கு நான் எங்கே போவேன், முடிச்சுப் போட்டேன். ஒரு நாள் ஒரு வாண்டு நூல் நுனியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடியதில், பின்னியது அத்தனையும் மளமளவென்று அவிழ்ந்து அதன் பின்னாலேயே போய்விட்டது. அழுகை வந்தது. மறுபடி உட்கார்ந்து பின்னினேன்.

அதைத்தான் பொம்பளைங்க சாமான் என்றார். எனக்குக் கோபம் வந்தால் சண்டை போட மாட்டேன். வேறு வழி பார்ப்பேன்.

நேராகக் கூத்து மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். யார் எப்போது என்ன ஆட வேண்டும், என்ன உடுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் வைத்த சட்டம். ரதியின் தொண்டையை நினைத்து அவருக்கும் தூக்கம் போயிருந்தது. கழுத்துச்சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மொட்டுகளை அமுக்கிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"ரதியோட நகைன்னு நான் சொல்லிடுறேன். ஆனா காப்பு கட்டுற அன்னைக்கே போட்டுரணும். ஒப்பாரியில மத்த நகைய கழட்டுறப்பதான் இதையும் கழட்டணும்."

சரிங்க சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன். என் கணவர் டாக்டரிடம் ஆட்டிய அதே ஆட்டம்.

காப்புக் கட்டிய அன்று, எல்லோருக்கும் முன்னால் மாஸ்டர் அதை என் கணவரின் தலைவழியாகப் போட்டுவிட்டார். இவர் கண்ணை மூடிக் கைகூப்பி வாங்கிக்கொண்டார். அதன் பிறகு பெக்டரிக்கும் அதோடுதான் போனார், கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று பேசும்போதும் அதோடுதான் நின்றார். சிங்கள ஆட்கள் கேட்டால் சிங்களத்திலேயே, இது தேவாலே காரியம், கோயில் காரியம் என்று பயபக்தியோடு சொன்னாராம். சில நாளில் தொண்டை திறந்துகொண்டது. கீழ்க்கணக்குக்காரர் விசாரிக்க வந்தபோது, இவர் உள்ளே இருந்து ரதியின் குரலில் ராகம் இழுத்துக் காட்டினார். நான் வந்தவருக்கு இன்னொரு கோப்பை தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். மனசுக்குள் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டிருந்தேன்.

கூத்து விடிய விடிய நடந்தது. மன்மதன் எரிந்தான். கிழக்கே வெளுக்கும்போது ரதி சாம்பலுக்குப் பக்கத்தில் வந்து நின்று ஒப்பாரியின் முதல் அடியை எடுத்தார். கூத்துப் பொட்டல் அப்படியே அடங்கிப்போயிற்று. வீட்டில் உப்பு இல்லை, உறைப்பு இல்லை என்று மட்டும் பேசுகிற இந்த மனிதருக்குள் அந்தக் குரல் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த ஒரு காலைக்காக அவருடைய மிச்ச நாளையெல்லாம் மன்னித்துவிடலாம்.

பெண்கள் ரதியைச் சூழ்ந்துகொண்டு, வழக்கப்படி, அவருடைய பூவை எடுத்தார்கள். வளையலைக் கழற்றினார்கள். மணிமாலையை அறுத்தார்கள். ஒருத்தியின் கை கழுத்துச்சட்டைக்குப் போனது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

அதற்குத் திறப்பு கிடையாது. தலைவழியாகத்தான் எடுக்க வேண்டும். கொண்டை டோப்பா வைப்பதற்கு முன்னாலேயே போட்டது அது. இப்போது எடுத்தால் கொண்டையும் கூந்தலும் சேர்ந்து வரும். கூந்தலுக்குக் கீழே இருப்பது என் கணவரின் வழுக்கை. சுற்றிலும் போன்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தன. முன்வரிசையில் கீழ்க்கணக்குக்காரர்.

கத்தரிக்கோலுக்கு அந்த நேரத்தில் எங்கே போவது? ஐயோ என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் ரதியைக் கட்டிப்பிடித்தேன். ஒப்பாரியில் யாரும் ஓடிவந்து கட்டிப்பிடிக்கலாம், அதனால் ஒருவரும் ஒன்றும் நினைக்கவில்லை. கழுத்தில் முகத்தைப் புதைத்து, கடைசிச் சுற்றில் போட்ட முடிச்சைத் தேடி, பல்லால் கடித்தேன். நுனி கையில் வந்ததும் இழுத்தேன்.

அவிழ்ந்தது. ஆனால் அவர் அழுதபடி ஒரு சுற்றுச் சுற்றியதில், அவிழ்ந்த நூல் கழுத்தையே சுற்றிக்கொண்டது. அடுத்த அடிக்கு மூச்சு எடுக்கிற சாக்கில், உதடு அசையாமல், "என்னா பண்ற?" என்றார்.

"அந்தப் பக்கமா சுத்துங்க" என்றேன்.

இருபது வருஷத்துக்குக் கிட்ட குடும்பம் நடத்தியதில், நான் சொன்னதை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றைக்குத்தான். அந்தப் பக்கமாகச் சுற்றினார். அழுது அழுது சுற்றினார், நான் நின்ற இடத்தில் நின்று இழுத்தேன். பச்சை போனது, சிவப்பு போனது. மொட்டுகள் ஒவ்வொன்றாக உடைந்து நூலாயின. மஞ்சளும் போய்க் கழுத்து வெறுமையானபோது, பொட்டலில் அழாதவர்கள் இல்லை. இப்படி ஒரு நகை கழற்றலை இதுவரை பார்த்ததில்லை என்று பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். கீழ்க்கணக்குக்காரர் போனைக் கீழே இறக்கிக் கண்ணைத் துடைத்தார். கூந்தல் அசையாமல் இருந்தது. நானும் அழுதேன், கொஞ்சம் பயத்தில், கொஞ்சம் என் பின்னலுக்காக, மிச்சம் அந்தக் குரலுக்காக.

நூலை வாரி எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மாஸ்டர் கூப்பிட்டார். மூன்றாம் நாள் மன்மதன் உயிரோடு எழுந்துவிடுவான் என்று எனக்குத் தெரியாததைச் சொல்வது போல ஆரம்பித்தார்.

"அன்னைக்கு ரதிக்கு எல்லா நகையும் திரும்பப் போடணும். எல்லா நகையும்" என்று என் மடியில் இருந்த நூல்குவியலைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரை வாசலில் உட்காரவைத்து, இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, சிக்கெடுத்த நூலை அதில் மாட்டிவிட்டேன். நான் எதிரே உட்கார்ந்து உருண்டை சுற்றினேன். வேலைக்குப் போகிற ஆண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். சாமி காரியமா என்று ஒருவர் கேட்டார். இவர் கையைக் கீழே இறக்காமல் வைத்திருந்தார். உருண்டை பாதி ஆனபோது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மன்மதன் எந்திரிச்ச பொறகு போட்டா, அத மறுபடி கழட்டணும்னு சட்டம் இல்லல்ல?"

மாஸ்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்கவில்லை. சித்திரை வெயிலிலும் அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனார்.