வழியோரம் ஒதுங்கி நின்றவர்

இது நடந்தது. எனக்கு நடந்தது. கதை விடுகிறான் என்பவர்கள் ஜனவரியில் ஒருமுறை காராகோல் ஊருக்கு மேலே மலையில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

நானும் என் மனைவியின் அண்ணன் கெரிம்பெக்கும் மலையேறிகளுக்கு வழிகாட்டிகள். பெரும்பனி விழுந்தால் மறுநாளே கிளம்பி, மேலே இருக்கும் மரக்குடில்வரை பனியை மிதித்துப் பாதை திறப்போம். முன்னால் போகிறவன் மிதிப்பான். களைத்தால் ஓரமாக ஒதுங்கி நிற்பான். எல்லோரும் கடந்ததும் கடைசியில் சேர்ந்துகொள்வான். பேச்சு கிடையாது, திரும்பிப் பார்ப்பதும் கிடையாது. எதற்கு மூச்சை வீணாக்குவது?

அன்று ஓடையைத் தாண்டும்போது பனிக்கட்டி உடைந்து, மச்சானின் இடது கால் முழங்கால்வரை தண்ணீரில் இறங்கிவிட்டது.

“கால்ல உணர்ச்சி இருக்கா மச்சான்?”

“கால் இருக்குன்னு ஒரு நம்பிக்கைதான். என் தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாத மாப்ள, கொன்னே போட்டுடுவா.”

சிரித்தோம். ஆனால் இருட்டுவதற்குள் குடிலின் அடுப்பருகே போகாவிட்டால் கால் போகும், ஆளே போனாலும் போவான். மறுபடி பனி கொட்ட ஆரம்பித்தது. பின்னால் நாங்கள் வந்த தடம் மூடிக்கொண்டே வந்தது. ஒரு பக்கம் எப்போது சரியுமோ என்றிருந்த பனிச்சரிவு, மறுபக்கம் பாதாளம். முன்னால் போவதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றரை மணி இருக்கும். நான் ஒதுங்கினேன். மச்சான் தலை குனிந்தபடி கடந்தான். நான் பாதையில் இறங்கக் காலை எடுத்தேன்...

இன்னொருவர் கடந்தார்.

நீளமான கம்பளிக் கோட்டு, ரோமத் தொப்பி. யாரோ மேய்ப்பர், நம் தடத்தைப் பிடித்து வந்துவிட்டார் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. மிதிக்க ஓர் ஆள் கூடுதல்.

கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. அவர் நடந்தும் சத்தமே வரவில்லை.

மச்சான் ஒதுங்கினான். இப்போது அவர் முன்னால், அவருக்குப் பின்னால் நான், கடைசியில் மச்சான். தொடைவரை புதைந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் நடக்கிறார்... பனி கலையவே இல்லை.

நிற்க முடியாது. திரும்பவும் முடியாது.

அப்போது அவர் ஒதுங்கினார்.

முறைப்படி. நாங்கள் கடப்பதற்காக.

கை நீட்டினால் தொடும் தூரம். முகத்தை நான் பார்க்கவில்லை. கடந்தேன். மச்சானும் கடந்தான்.

சரக்... சரக்...

இப்போது சத்தம் கேட்டது. எனக்குப் பின்னால், இரண்டு பேர்.

நான் ஒதுங்கினால் மச்சான் முன்னால் போவான், அதுவும் அவன் பின்னாலேயே போகும். ஒதுங்கவில்லை. நெஞ்சு வெடிக்க மிதித்தேன்.

பின்னால் ஒரு சத்தம் நின்றது.

திரும்பினேன்.

மச்சான் ஓரமாக ஒதுங்கி நின்றான். கண் சொருகியிருந்தது. அவன் பின்னால் யாருமே இல்லை.

“பெரியவர் முன்னால போகட்டும் மாப்ள... மரியாதை இல்லாம...”

“எந்தப் பெரியவர்டா!”

ஓங்கி அறைந்தேன். என் இடுப்புவாரை அவன் வாரில் மாட்டி இழுத்தேன்.

சரக்... சரக்...

குடில் வாசல்வரை வந்தது. உள்ளே போய்த் தாழ் போட்டேன். சத்தம் நின்றது.

மச்சான் பிழைத்தான். இரண்டு கால்விரல் போனதோடு சரி.

அன்று அவன் காலுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்த புருல் அக்காதான் அந்தக் குடிலைப் பார்த்துக்கொள்பவள். நான் நடந்ததைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்தது.

“நவம்பர்ல ஒருத்தன் வந்தான்டா. உள்ள வந்தும் கதவைப் பிடிச்சுக்கிட்டே நின்னான். குளிருது, மூடுப்பான்னேன். ‘பின்னால ரெண்டு பேர் வர்றாங்கக்கா’ன்னான்.”

“வந்தாங்களா?”

“எங்க வந்தாங்க? கீழேருந்து கிளம்பினதே ரெண்டு பேர்தான். இவனும் இவன் கூட்டாளியும். அந்தக் கூட்டாளியை இன்னிக்குவரை தேடிக்கிட்டிருக்காங்க.”

ஏப்ரலில் பனி பாதி உருகியபோது நான்தான் உறைந்துபோன அந்தக் கூட்டாளியைப் பார்த்தேன். விழுந்து கிடக்கவில்லை. பாதைக்கு ஓரமாக ஒதுங்கி, யாருக்கோ வழிவிட்டு, நின்றுகொண்டிருந்தான்.