காற்றுப் படாத குளியல்

தலைப்பிரசவத்துக்காக மயிலாப்பூரில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி. குழந்தை பிறந்த பத்தாம் நாள் கெய்சர் உயிரை விட்டது. மெக்கானிக் ‘நாளைக்கு வரேன்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பாவுக்கு உள்ளூர ஒரே குஷி. பரணில் கிடந்த, கரி போட்டு வெந்நீர் வைக்கும் தாமிர பாய்லரை இறக்க ஒரு சாக்கு வேண்டுமென்று பல வருஷமாகத் தவம் கிடந்தவர் அவர்.

என்னைவிட வயதில் மூத்த பாய்லர். உடம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. வாசலில் பேப்பர் விரித்து, புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பாதித் தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருப்பேன். பச்சை போய் மெல்ல மெல்லச் சிவப்பு எழுந்து வரும். நடுக்குழாயைக் கம்பியால் குடைந்தபோது கரிப்பொடியோடு ஒரு குளவிக்கூடு பொத்தென்று விழுந்தது. கரி தாங்கும் அடித்தட்டு இற்றுப்போயிருந்ததால் புதிதாகச் செய்து போட்டார். தண்ணீர்க் குழாயின் கசிவை அடைக்க, தெருவோடு போன பாத்திரம் பற்றவைப்பவரைக் கூப்பிட்டார்.

“செம்பு இன்னும் கல்லு மாதிரி கீது சார்,” என்றார் அவர், வேலை முடிந்ததும். “தண்ணி ஊத்தாம மட்டும் நெருப்பு போட்றாத. நான் வெச்ச ஈயமெல்லாம் உருகிப்பூடும்.”

பாய்லர் குளியலறைக்குள் குடியேறியது. அப்பா ஜன்னலில் ஒரு கண்ணாடியையே கழற்றிவிட்டார்.

“மொதல்ல தண்ணி, அப்புறம் நெருப்பு. ஜன்னல் எப்பவும் தெறந்திருக்கணும். வெறகுன்னா கண்ணு எரியும், ஓடி வந்துடலாம். கரி அப்படியில்லை. புகையே காட்டாம ஆளைத் தூங்க வெச்சுடும்.”

அம்மாவிடம் வேறு சட்டம் இருந்தது. “பிள்ளை பெத்த ஒடம்பு. காத்துப் படவே கூடாது.” என் காதுகளில் பஞ்சு, தலையில் துணிக்கட்டு, மின்விசிறிக்குத் தடா. அந்த ஓட்டை ஜன்னலைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் கடுகடுத்தது.

ஒரு வாரம் அப்பாவின் சட்டம் ஜெயித்தது. பிறகு ஒரு காலை மழை தூறி, கடல் பக்கமிருந்து சில்லென்று காற்று அடித்தது. என் தலையில் எண்ணெய் வைத்த அம்மா, தன் பழைய புடவையைச் சுருட்டி ஜன்னல் ஓட்டையில் திணித்தாள். “ஒருநாள்தானே. அப்பாகிட்ட சொல்லாதே.”

நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் என் தப்பும் உண்டு. கதகதப்பு எனக்குப் பிடித்திருந்தது.

சாம்பிராணி போடத் தணல் எடுத்துக்கொண்டு அம்மா போனாள். கதவு சாத்திக்கொண்டது. முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். கம்பிகளுக்கிடையே கரி செக்கச்செவேலென்று மூச்சுவிட்டது. பாய்லரின் வயிற்றில் என் முகம் அகலமாக, சிவப்பாக, யாரோ போலத் தெரிந்தது. தண்ணீரின் முனகல் கேட்டது, பிறகு அதுவும் தூரப் போனது. இவ்வளவு இனிமையான தூக்கம் பிரசவத்துக்குப் பிறகு எனக்கு வந்ததே இல்லை. சுவரில் சாய்ந்தேன். கை மடியில் இருந்தது. அது என் கைதானா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

எங்கோ குழந்தை அழுதது. கடற்கரையில் யாருடைய குழந்தையோ அழுகிறது, அதன் அம்மா எங்கே போனாள் என்று நினைத்தேன். ஆனால் மார்பு கனத்தது. பால் தானாகச் சுரந்து வயிற்றில் வழிந்தது. என்னுடையது! எழுந்தேன். கால் நிற்கவில்லை. கதவின் மேல் மொத்தமாகச் சரிந்தேன்.

ஊஞ்சலில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த அப்பா, அதை அம்மா கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்தார். என்னை வெளியே இழுத்துப் போட்டார். பிறகு உள்ளே போய் ஜன்னலில் இருந்த புடவையை உருவினார்.

டாக்டர் வந்து பார்த்து, சற்று நேரம் இருந்துவிட்டுப் போனார். ஆபத்தில்லை. தலைவலி மட்டும் மண்டையைப் பிளந்தது. ‘அப்பவே சொன்னேனே’ என்று அப்பா கத்துவார் என்று நினைத்தேன். அவரோ அந்தப் புடவையை உதறிக் கொடியில் உலர்த்தினார்.

அம்மா என் காதிலிருந்த பஞ்சை எடுத்தாள். தலைக்கட்டை அவிழ்த்தாள். வாசல் கதவு, கூடத்து ஜன்னல், சமையலறை ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தாள். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். அதுவும் போதாமல் பனையோலை விசிறியோடு என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை அந்தக் கை ஓயவில்லை.

“காத்து வரதாடி கண்ணா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். “காத்து வரதா?”