அம்மா அப்பாவுக்கு நாங்கள் வைத்த விருந்து

அம்மா அப்பாவின் பதினைந்தாவது கல்யாண நாளுக்கு விருந்து வைக்கலாம் என்ற யோசனை என்னுடையதுதான். எனக்கு அப்போது பத்து வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. இன்றுவரை வீட்டில் யாரும் அதை ஒரு குற்றமாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், மாசாயில் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை வேலை. அம்மா அந்த ஆண்டுதான் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். அவள் வேலைக்குப் போன முதல் நாளிலிருந்து அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

"அம்மாகிட்ட சொல்லு, என் சட்டை இன்னும் அயர்ன் பண்ணல."

அம்மா இரண்டு எட்டுத் தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பாள். நான் அந்தப் பக்கம் திரும்பி அதையே இன்னொரு முறை சொல்வேன். அவள் சமைத்ததை அப்பா தொடமாட்டார். அவள் பார்க்கப் பார்க்கப் பாக்கெட் மீ நூடுல்ஸை அவித்துச் சாப்பிடுவார். பஸ் பத்து நிமிடம் தாமதமானால் வாசல் கேட்டில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அவள் உள்ளே வந்ததும் ஒன்றும் கேட்காமல் போய்ப் படுத்துவிடுவார். ஆனால் ஒரு நாளும் கை நீட்டியதில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது என்று பள்ளியில் பெருமையடித்துக்கொள்வேன். அப்பாவுக்கு அம்மாமேல் ஏதோ கோபம், சேர்ந்து ஒரு கேக் வெட்டினால் சரியாகிவிடும் என்பது என் கணக்கு.

எங்களிடம் இருந்தது தீபாவளிக்குப் பெரியவர்கள் உறையில் போட்டுக் கொடுத்த அங்பாவ் பணம் மட்டும்தான். அக்கா அதை எண்ணிவிட்டு, "இதுல ஒரு மாலைகூட வாங்க முடியாது லா" என்றாள். ஆனாலும் விடவில்லை. பக்கத்து வீட்டு ஆன்டி, சாமான் மட்டும் வாங்கிக் கொடுத்தால் மீகூன் சேமியா பிரட்டித் தருவதாகச் சொன்னார். குடிக்க சிராப் தண்ணீர். கேக் கடையில் யாரோ சொல்லிவைத்துவிட்டு வாங்க வராத பிறந்தநாள் கேக் ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. மேலே யாரோ ஒரு பையனின் பெயர் நீல நிறத்தில் எழுதியிருந்தது. அதைக் கரண்டியால் சுரண்டி கிரீமைத் தடவிச் சமப்படுத்தினோம். கேக்கின் நடுவில் வெளிறிய நீலமாக ஒரு கறை மட்டும் போகவே இல்லை. மாலைக்குப் பதிலாகச் சாமிப் படத்துக்குப் போடும் சின்னச் சரம் இரண்டு வாங்கினோம்.

தூரத்தில் லாயாங் லாயாங் என்ற ஊரில் இருந்த மாமாவுக்கு, அம்மாவின் அண்ணன் அவர், நான்தான் போன் செய்தேன்.

"இந்தச் சனிக்கிழமையா?" என்றார். "அம்மாவுக்குத் தெரியுமாம்மா?"

"சர்ப்ரைஸ் மாமா! சொல்லிடாதீங்க."

"இந்தச் சனிக்கிழமையேவா?" என்று மறுபடியும் கேட்டார். பிறகு, "சரி, வரேன்" என்றார்.

சனிக்கிழமை அம்மா கதவைத் திறந்தபோது கூடத்தில் இருபது பேர் கத்தினோம். அவள் கையிலிருந்த பை கீழே விழுந்தது. எங்களைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் தேடி மாமாவைத்தான் முதலில் பார்த்தாள். தூரத்திலிருந்து வந்திருக்கிறார், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அரைமணி நேரம் கழித்து அப்பா வந்தார். ஆட்களைப் பார்த்ததும் அவர் முகமே மாறிப்போனது. எல்லாருக்கும் கை கொடுத்தார், சிரித்தார், அம்மாவின் தோளில் கை போட்டார். "வா, கேக் வெட்டலாம்" என்றார். என் வழியாக இல்லாமல் நேராக அவளிடமே சொன்னார்! நான் அக்காவின் கையைக் கிள்ளினேன்.

மாலைதான் காலை வாரியது. சாமிப் படத்துச் சரம் மனிதத் தலைக்குள் நுழையுமா? அம்மா போட்டது அப்பாவின் நெற்றியிலேயே கிரீடம் மாதிரி மாட்டிக்கொண்டது. கூடமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. சிரித்தவள் நிறுத்தவில்லை; கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்துவிட்டு, தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அடுப்படிக்குப் போனாள்.

"பாருங்க, எவ்ளோ சந்தோசம்!" என்றார் அத்தை. அப்பாவின் அக்கா அவர். "ஊர்ல என்னென்னமோ பேசுனாங்க. எல்லார் வாயையும் புள்ளைங்க அடைச்சிட்டாங்க." எல்லாரும் கை தட்டினார்கள்.

காலிக் குவளைகளை எடுத்துக்கொண்டு நான் அடுப்படிக்குப் போனேன். அம்மா குழாயைத் திறந்துவிட்டுவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மாமா.

"நீ சொல்லு, நான் செய்யறேன்" என்றார் அவர்.

"இத்தனை பேரு முன்னால மாலை போட்டுட்டேன்ணே. அந்தச் சின்னது மூஞ்சியப் பாத்தீங்களா?" என்றாள் அம்மா. "லாரி வேணாம்னு சொல்லிருங்க."

என்னைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். மாமா ஏதோ பழைய அலமாரி கொடுக்கப் போகிறார், அதை வைக்க நம் வீட்டில் இடமில்லை, அதுதான் விஷயம் என்று நானாக முடிவுசெய்தேன்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோதுதான் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அடுத்த வியாழக்கிழமை, அப்பா வேலைக்குப் போன பிறகு அந்த லாரி வருவதாக இருந்திருக்கிறது. மாமா வீட்டுப் பக்கத்திலேயே அம்மா ஒரு சின்ன வீடு பார்த்திருந்தாள். முன்பணம் கொடுத்தாகிவிட்டது. எங்கள் இருவருக்கும் அங்கே பள்ளியில் இடம்கூடக் கேட்டு வைத்திருந்தாள். பல மாதங்களாக யாருக்கும் தெரியாமல் சேர்த்த துணிவை நீலக் கறை படிந்த ஒரு கேக்கை வைத்து நாங்கள் ஒரே மாலையில் கரைத்துவிட்டோம். அதன் பிறகு அந்த வீட்டில் அவள் இன்னும் ஆறு வருடங்கள் இருந்தாள். கடைசி மூன்று வருடங்களில் சிங்கப்பூர் வேலையும் இல்லை, வாய்விட்டுப் பேசுவதும் இல்லை. எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவாள்.

விருந்தன்று எல்லாரும் போன பிறகு அப்பா டிவியைப் போட்டார். "அம்மாகிட்ட சொல்லு, கேட்டப் பூட்டணும்" என்றார் என்னிடம். பழக்கதோஷத்தில் சொல்கிறார் என்று எண்ணி நானே போய்ப் பூட்டினேன். திரும்பி வந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்து தட்டுகளில் மிச்சமிருந்த மீகூனை ஒரு பையில் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது யாரு ஐடியா?" என்று கேட்டாள்.

"நான்தான்!" என்றேன்.

ஈரக் கையை உடுப்பில் துடைத்துவிட்டு என் தலையைத் தடவினாள். "நல்லா இருந்துச்சும்மா."

"அடுத்த வருசமும் செய்யலாமா?"

அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். தூக்கம் வருகிறது போல என்று நினைத்தேன்.

"செய்யலாம்" என்றாள்.

செய்தோம். அதற்கடுத்த வருடமும் செய்தோம்.