பதினாறு கதிரைகளும் ஒரு ஜன்னலும்

வீட்டின் உட்புறத்தை அழகுபடுத்தித் தருவதற்கென்று ஒரு தொழில் இருப்பதும், அதற்குப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இருப்பதும் எனக்கு எழுபத்து மூன்றாவது வயதில்தான் தெரியவந்தது. அதுவரை எங்கள் வீட்டு அலங்காரம் என்பது தைப்பொங்கலுக்கு முன் பெயின்ட் அடிப்பதும், ஜனவரியில் கலண்டரை மாற்றி மாட்டுவதும்தான். இரண்டையும் நானே செய்தேன். யாரும் என்னிடம் பட்டம் கேட்கவில்லை.

என் மனைவி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதில்தான் எல்லாம் தொடங்கியது. சத்திர சிகிச்சை முடிந்து, நான்கு கால் வோக்கரோடு அனுப்பிவைத்தார்கள். தினமும் நடக்கவேண்டும், நடக்காவிட்டால் நிரந்தரமாகப் படுக்கைதான் என்று டொக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். பின்னறைக் கட்டிலிலிருந்து ஹோலின் முன் ஜன்னல் இருபத்திரண்டு அடி. அந்த ஜன்னலில் நின்றால் பேராதனை வீதி முழுவதும் கீழே தெரியும். அதுவரை போய்விட்டால் போதும் என்பது எங்கள் ஏற்பாடு.

ஏழு மாதமாகியும் அவள் போகவில்லை. நான் பக்கத்தில் நின்று அடிகளை எண்ணுவது பிடிக்காமல் என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிடுவாள். நான் அங்கிருந்தே காதால் எண்ணுவேன். ஒன்பது அடிவரை வோக்கரின் சத்தம் கேட்கும். பிறகு திரும்பிப் போகும் சத்தம். ஏன் என்று கேட்டால், முழங்கால் வலி என்பாள். ஒவ்வொரு நாளும் சரியாக ஒன்பதாவது அடியில் வலிக்கும் முழங்காலைப் பற்றி நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

கட்டாரில் இருக்கும் மகன் வீடியோ அழைப்பில் ஹோலைப் பார்த்துவிட்டு, இது வீடா களஞ்சியசாலையா என்று கேட்டான். இப்படி இருந்தால் அம்மாவுக்கு வெளியே வர எப்படி மனம் வரும், ஒரு டெக்கரேட்டரைப் பிடியுங்கள் என்றான். பணமும் அனுப்பினான். எண்ணி எண்ணி அனுப்பிய அந்தச் சிறிய தொகையைப் பார்த்தபோது, அவன் என்னுடைய மகன்தான் என்பதில் இருந்த கொஞ்ச நஞ்ச ஐயமும் தீர்ந்தது.

முதல் அலுவலகம் கண்டி நகரத்தில் ஒரு மாடியில் இருந்தது. முப்பத்தெட்டுப் படி. குளிரூட்டிய அறையில் ஓர் இளைஞர் எனக்குப் பத்து ஹோல்களின் படத்தைக் காட்டினார். ஒன்றிலும் ஆள் இல்லை. ஒரு செருப்பு, ஒரு குடை, ஒரு மருந்துப் போத்தல்கூட இல்லை. அங்கே வசித்தவர்களை என்ன செய்தீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. சாமான் குறைவாக இருப்பதுதான் இப்போதைய பாணி என்றார். விலைப்பட்டியலில் சாமான் குறையக் குறைய விலை ஏறிக்கொண்டே போனது. முற்றிலும் வெறுமையான ஓர் அறையை வாங்க நான் இந்த வீட்டை விற்கவேண்டியிருக்கும். வீட்டை வந்து பார்க்கவே தனிக் கட்டணம் என்றதும், அதே முப்பத்தெட்டுப் படியை இறங்கி வந்தேன்.

இரண்டாமவர் கெலிஓயாவில் தளபாடக் கடை வைத்திருப்பவர். அவர் இலவசமாக வந்தார். அளவுநாடா கொண்டுவரவில்லை. கண்ணாலேயே அளந்தார். சுவரில் ஈரக்கசிவா, சோபா போட்டு மறைக்கலாம். வெளிச்சம் போதாதா, இள நிறத்தில் சோபா போடலாம். மனைவிக்கு நடக்க முடியவில்லையா, சோபாவில் உட்காரலாம். அவர் சொன்ன சோபாவை நான் பிறகு கடைக்குப் போய் நாடாவால் அளந்து பார்த்தேன். அதைப் போட்டால் வாசற்கதவு கால்வாசிதான் திறக்கும். வாங்கியிருந்தால், அவர் அதை உள்ளே வைத்துவிட்டு எப்படி வெளியே போயிருப்பார் என்பதை மட்டும் பார்க்க ஆசையாக இருந்தது.

மூன்றாவது ஆளின் இலக்கத்தைத் தந்தவர், மனைவிக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த ஆஸ்பத்திரிப் பெண். அந்த மூன்றாவது ஆள் திகனயிலிருந்து ஒரு சனிக்கிழமை தன் வாப்பாவின் ஓட்டோவில் வந்து இறங்கினாள், முக்காடு போட்ட ஒரு சின்னப் பெண். என் பேத்தியாக இருக்கவேண்டிய வயது. வீதியிலிருந்து எங்கள் வாசலுக்கு வரும் இருபத்தேழு படியையும் மூச்சு வாங்காமல் ஏறிவந்து, "அங்கிள், சுகமா?" என்றாள். கையில் ஒரு கொப்பி, ஒரு நாடா, ஒரு சோக்குக்கட்டி. பட்டம் பெற்றவளா என்று கேட்டேன். டிப்ளோமா என்றாள். அந்த அளவுக்குத்தான் எங்களிடம் பணமும் இருந்தது.

நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் பெரிய கிளாக்கராக இருந்தவன் நான். பெண் வருவதற்கு முன்பே ஹோலில் உள்ள பொருட்களையெல்லாம் அளந்து பட்டியல் எழுதி வைத்திருந்தேன். மொத்தம் நாற்பத்து மூன்று: அலுமாரி இரண்டு, கண்ணாடிப் பெட்டகம் ஒன்று, தையல் மெஷின் ஒன்று, கதிரை பதினாறு என்று போகும். மூன்று பிரதி எடுத்திருந்தேன். அவள் ஒரு பிரதியை வாங்கி, படிக்காமலே பைக்குள் வைத்தாள். பிறகு என்னைத் தாண்டிப் பின்னறைக்குப் போய், கட்டிலில் இருந்த மனைவியிடம், எங்கே போக ஆசை என்று கேட்டாள்.

மனைவி வோக்கரை எடுத்தாள். பெண் பின்னாலேயே குனிந்து நடந்தாள். வோக்கர் எங்கே இடித்தாலும் அந்த இடத்தில் தரையில் ஒரு சோக்குக் கோடு. பின்னறை வாசல் நிலையில் இரண்டு, அலுமாரியின் மூலையில் ஒன்று, தையல் மெஷினின் காலில் ஒன்று. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். ஏழாவது கோட்டோடு வோக்கர் நின்றது. ஒன்பதாவது அடி. ஒரு பக்கம் இரண்டாவது அலுமாரி, மறுபக்கம் கதிரை வரிசை. பெண் நாடாவை வைத்தாள். இடைவெளி பத்தொன்பது அங்குலம். வோக்கரின் அகலம் இருபத்து நான்கு.

நாற்பத்து மூன்று சாமானையும் அளந்திருந்தேன். வோக்கரை அளக்கவில்லை. அது நாற்பத்து நான்காவது.

"ஏன் சொல்லல?" என்றேன் மனைவியிடம்.

"சொன்னா கதிரைய எடுத்துருப்பீங்களா?"

பெண் எழுந்து கையில் ஒட்டியிருந்த சோக்கைத் தட்டிக்கொண்டு, ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு இவ்வளவு கதிரை எதுக்கு என்று கேட்டாள். இதை விளக்குவது எனக்கு எளிது என்றுதான் நினைத்தேன். எங்கள் வட்டாரத்தில் மரண உதவிச் சங்கம் ஒன்று உண்டு. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அதன் லொறியில் கூடாரமும் கதிரையும் வரும். சங்கத்துக் கதிரைகள் நூற்றிருபது என்று வருடா வருடம் எண்ணிக் கையெழுத்து வைப்பவனே நான்தான். ஆனால் இந்த மலைப்பாதையில் லொறி வந்து சேர ஒரு மணித்தியாலமாவது ஆகும். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் வருகிறவர்கள் எங்கே உட்காருவார்கள்? அதற்குத்தான் பதினாறு. மழை நாளென்றால் பதினாறும் போதாது.

"யாருட மவுத்துக்கு அங்கிள்?" என்று கேட்டாள் அந்தப் பெண். சாவைப் பற்றிச் சாதாரணமாகத்தான் கேட்டாள், கொப்பியில் எழுதப்போகிறவள் போல.

"எனக்குத்தாம்மா" என்றாள் மனைவி. "பன்னெண்டுதான் இருந்துச்சு. நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்த மாசம் இன்னும் நாலு வாங்கிப் போட்டாரு. ஏழு மாசமா வரிசையா அடுக்கி வச்சுட்டுக் காத்துக்கிட்டு இருக்காரு. நான்தான் தாமசம் பண்றேன்."

அந்த நான்கும் மலிவு விற்பனையில் வாங்கியவை, நான்காகத்தான் கொடுத்தார்கள் என்று சொல்லப்போனேன். பெண் குனிந்து எதையோ எழுதினாள். எழுத அங்கே ஒன்றுமில்லை.

மறுநாளே சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். சாவு எப்போது என்று கேட்டார்கள். சாவு இல்லை, கதிரை தருகிறேன் என்றேன். அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. யார் தவறினாலும் மறைக்காமல் சொல்லுங்கள் என்றார்கள். லொறி நாற்பது நிமிடத்தில் வந்தது. இத்தனை வருடமாக ஒரு மணித்தியாலம் என்று கணக்குப் போட்டது யார் என்று இனி ஆராய்ந்து பயனில்லை. பதினான்கை எண்ணி ஏற்றினேன். இரண்டை வைத்துக்கொண்டேன். இப்போது சங்கத்திடம் நூற்று முப்பத்து நான்கு.

பிறகு எட்டு நாள் வேலை நடந்தது. இரண்டு அலுமாரியும் பின்னறைக்குப் போயின. வாசல் நிலையின் மேட்டைப் பலகை போட்டுச் சரிவாக்கினார்கள். தண்ணீர்க் குழாய் ஒன்றுக்குப் பெயின்ட் அடித்து, மனைவியின் கை எட்டும் உயரத்தில் சுவரோடு பொருத்தினார்கள். சுவருக்கு வெளிர் மஞ்சள். தடித்த திரைச்சீலைக்குப் பதிலாக மெல்லிய பருத்தி. வேறொன்றுமில்லை. என் வீட்டுச் சாமானை என் வீட்டிலிருந்து வெளியேற்றியதற்கு நான் கூலி கொடுத்தேன். பில்லில் பிழை தேடினேன், மூன்று தடவை. கிடைக்காதது சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. போகும்போது அந்தப் பெண் என் பட்டியலைத் திருப்பித் தந்தாள். ஒரு தடவையாவது விரித்தாளா என்று மடிப்பைப் பார்த்தேன். நான் மடித்தபடியே இருந்தது.

வேலை முடிந்த அன்று பின்னேரம் மனைவி புறப்பட்டாள். நான் வழக்கம்போல் சமையலறைக்குப் போனேன். ஒன்பதாவது அடி தாண்டியது. பதினைந்து. இடையில் நெடுநேரம் சத்தமில்லை. அடுப்பை அணைத்துவிட்டேன். பிறகு பதினாறு. இருபத்திரண்டு ஆனதும் வெளியே வந்தேன். அவள் ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து, குழாயை ஒரு கையால் பிடித்தபடியே வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ இருந்த பேக்கரிய எப்ப மூடுனாங்க?"

"மூணு மாசமாச்சு."

"சொல்லவே இல்ல."

மற்றக் கதிரையை இழுத்து நானும் உட்கார்ந்தேன். வேறு கதிரை இல்லை, அதனால் யாரும் வராமலிருந்தது நல்லதாகப் போயிற்று.

அந்த ஜன்னலால் எனக்கு விளைந்த நன்மையையும் சொல்லவேண்டும். முன்பெல்லாம் காலையில் பத்திரிகை வாங்கப் போனால் என் விருப்பத்துக்கு வருவேன். நேற்று இருபத்தேழு படியும் ஏறி உள்ளே கால் வைக்கவில்லை, ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

"பேப்பர் வாங்க நாப்பத்தஞ்சு நிமிசமா? கடை வாசல்ல நின்னு அஞ்சு பேரோட கதைச்சிட்டு வாறீங்க."

ஆறு பேர். ஒருவரை அவள் தவறவிட்டுவிட்டாள். நான் திருத்தவில்லை.