நூறு வீச்சு

ஆராய்ச்சிப் பண்ணையில் அவர் பெயர் வலைக்காரர். மூன்றடிக் கம்பு, அதன் முனையில் இரும்பு வளையம், வளையத்தில் வெள்ளைத் துணிப்பை. வாயில் காவலாளி பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: “என்னண்ணே, மீன் மாட்டுச்சா?”

“முள்ளு எடுத்து வச்சிருக்கேன், சாப்பிட வாங்க.”

அவர் பிடித்தது பூச்சி. திங்கட்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு, அதே புல்வரப்பில், காலடிக்கு ஒன்றாக நூறு வீச்சு. நூறாவதில் மணிக்கட்டைத் திருப்பினால் பை வளையத்தின்மேல் மடிந்து வாயை மூடிக்கொள்ளும். புட்டியில் உதறி, மேசையில் கொட்டி எண்ணுவார். பதினெட்டு வருடமாக இதுதான் வேலை. அந்த எண்ணை வைத்துத்தான் சுற்றுவட்ட வயல்களுக்கு மருந்தடிக்கச் சொல்வதா வேண்டாமா என்று பூச்சித் துறை மேடம் முடிவு செய்வார்.

மூன்று மாதமாக எண் இறங்கியது. நூற்று நாற்பது, நூற்றுப் பத்து, எண்பது.

“அடுத்த வாரம் மருந்து வேணாம்னு எழுதிடறேன்,” என்றார் மேடம், சந்தோஷமாக.

மூன்று மாதத்துக்கு முன்புதான் வலைக்காரர் குளியலறையில் வழுக்கி வலது தோளில் அடிபட்டிருந்தார். அது மனைவிக்கு மட்டும் தெரியும். வலைக்குப் பை தைத்துக் கொடுப்பவளும் அவள்தான். கிழிசலை ஒட்டுப்போட்டபடி கேட்டாள்:

“ஏங்க, குறைஞ்சது பூச்சியா, உங்க கையா?”

“அதான் தெரியல.”

“கைதான்னு தெரிஞ்சா வலையை வாங்கி வச்சிடுவாங்க.”

“வாங்கட்டும். எதுன்னு தெரியணும்.”

திங்கட்கிழமை அவளையும் கூட்டிப்போனார். வரப்பின் இடப்பக்கம் அவர் வீசினார், வலப்பக்கம் அவள். துடைப்பம் மாதிரிப் பிடித்துக்கொண்டு வீசினாள். எண்ணிப் பார்த்தார்கள். அவருடையது எழுபத்தாறு. அவளுடையது நூற்று நாற்பத்து மூன்று.

“பரவாயில்லையே நான்,” என்றவள், அவர் முகத்தைப் பார்த்ததும் புட்டியை மூடினாள்.

இரண்டு புட்டிகளையும் மேடத்தின் மேசையில் வைத்தார்.

“பூச்சி குறையல மேடம். என் கை இறங்கிப்போச்சு.”

மேடம் பதிவேட்டைப் புரட்டினார். பிறகு மூன்று மாதத்துப் பக்கங்களின் குறுக்கே கோடு போட்டார்.

“நீங்க இனிமே எண்ணுங்க, போதும். ஆள் வர்ற வரைக்கும் நான் வீசறேன்.”

அடுத்த திங்கள் மேடம் வீசினார். வலைக்காரர் அவர் எதிரே பின்னோக்கி நடந்தபடி வீச்சுகளை எண்ணினார். இத்தனை வருடமும் வலைக்குப் பின்னாலேயே நின்றவர், அது வருவதை முன்னாலிருந்து பார்த்ததில்லை. வளையம் நெருங்குமுன்பே வெட்டுக்கிளிகள் எழும்பி, அதைத் தாண்டி, வீசி முடித்த புல்லில் போய் உட்கார்ந்தன. ஒரு வீச்சுக்கு நாலைந்து. அவற்றில் ஒன்றுகூடப் பதினெட்டு வருடத்துப் பதிவேட்டில் ஏறியதில்லை.

“எத்தனை ஆச்சு?” மேடத்துக்கு மூச்சு வாங்கியது.

“எண்ண விட்டுட்டேன் மேடம்,” என்று இடது கையை நீட்டினார். “வலையக் குடுங்க. நீங்க இந்தப் பக்கம் வந்து நின்னு பாருங்க.”